சிவப்புச் சீட்டு ஒட்டாத குதிரை

ஒரு நாளைக்கு எத்தனை பேர் முகத்தைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பது தரப் பரிசோதனை வேலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், குறையுள்ள பீஸில் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கும் அந்த வேலை எனக்கு. கம்பெனி செஸ் அணியில் ஒரே பெண்ணும் நான்தான். எதிரே ஒருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியாமல், ஆட்டம் சீக்கிரம் முடிய ஒரு வழி தேடினேன். கிடைத்தது: நாலாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாய்க்காக முழுக் குதிரையைக் கொடுத்துவிட்டு, சிப்பாய்களை ஏவி எதிராளியின் குதிரைகளைத் துரத்துவது. கம்ப்யூட்டரைக் கேட்டால் தப்பு என்கிறது. தெரிந்துதான் ஆடினேன். உங்களில் கூச்சக்காரர்களுக்கு இது புரியும்.

பழைய கட்டத்துக்கே

முதன்முதலில் அதை ஆடியது கேன்டீனில், அணித் தலைவர் முருகேசன் அண்ணனோடு. மெயின்டனன்ஸில் இருப்பவர், ராயக்கோட்டைக்காரர். என் குதிரை சிப்பாயை வெட்டியதும் அவர் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. நான் பார்க்காமல் வைத்துவிட்டேன் என்று நினைத்து, குதிரையை அவரே பழைய கட்டத்தில் வைத்தார். வேண்டுமென்றேதான் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வேறு எதையோ நகர்த்தினேன்.

"பரவால்ல பாப்பா, புதுசுல எல்லாருக்கும் கண்ணு தப்பும்."

நானூறு பீஸ்

மதிய இடைவேளையில் பரிசோதனை மேசையிலேயே அந்த ஆட்டத்தைப் படிப்பேன். அளவு தவறி ஒதுக்கிய புஷ் என்னும் சின்ன உலோக வளையங்கள்தான் காய்கள். ஒருநாள் மணி அடித்ததும் அவசரமாக வாரிப் போட்டதில் இரண்டு 'குதிரைகள்' நல்ல பெட்டிக்குள் போய்விட்டன. யாரும் பார்க்கவில்லை. அரை மணி நேரம் சொல்லாமல் இருந்தும் பார்த்தேன். பிறகு லைன் லீடர் மஞ்சுளா அக்காவிடம் போய்ச் சொன்னேன். பெட்டியைக் கொட்டி, டீ குடிக்கக்கூடப் போகாமல் நாலு பெண்கள் ஒவ்வொன்றாக அளந்தார்கள். அக்காவுக்குப் பாகலூர், கோபம் வந்தால் கன்னடமும் கூடவே வரும்.

"ஏனம்மா, உன் ரெண்டு குதிரைக்கு நாங்க நானூறு பீஸ் அளக்கணுமா? அப்படி என்னதான் ஆட்டம் அது, எங்களுக்கும் சொல்லிக் குடு!"

கை தவறியது

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் பதினேழே நகர்த்தலில் ஒருவரை ஜெயித்தேன். கோப்பை வந்தால் பெண்களுக்குத் தனி அணி என்று அந்த வாரம்தான் ஹெச்.ஆர். சொல்லியிருந்தார். மஞ்சுளா அக்காவும் அந்த நாலு பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். தோற்றவர் என்னைவிடப் பெரியவர். குதிரையைத் தெரிந்தேதான் கொடுத்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டது போலக் கூசியது. "இல்ல சார், கை தவறிடுச்சு" என்றேன்.

"கை தவறினதுக்கே இந்த அடின்னா, நீங்க நிதானமா ஆடியிருந்தா நான் என்னம்மா ஆயிருப்பேன்?"

டிரா போதும்

கடைசிப் போட்டி கிருஷ்ணகிரியில். என் பலகையில் டிரா வந்தாலே கோப்பை எங்களுக்கு என்று முருகேசன் அண்ணன் கணக்குப் போட்டிருந்தார். "பாப்பா, இன்னிக்கு மட்டும் குதிரையக் கட்டிப் போடு" என்றார். சரி என்றேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்: மஞ்சுளா அக்காவும் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைப்பதை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து ஜோடிக் கண்கள் முதுகில். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றாகிவிட்டது. நாலாவது நகர்த்தலில் கை குதிரைக்குப் போனது.

எதிராளி பதறவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தன் குதிரை ஒன்றை அவரே வெட்டக் கொடுத்துக் கணக்கைச் சமன் செய்தார். என் தாக்குதல் அங்கேயே நின்றுவிட்டது. தோற்றேன். அரைப் புள்ளியில் கோப்பை போனது. பெண்கள் அணியும் போனது. முருகேசன் அண்ணன் காய்களைப் பெட்டியில் அடுக்கினார்.

திங்கட்கிழமை மஞ்சுளா அக்கா என் மேசைக்கு வந்தார். அது தப்பான ஆட்டம் என்று முன்பே தெரியுமா என்று கேட்டார். இந்த முறை பொய் சொல்லவில்லை, தெரியும் என்றேன். அக்கா ஒரு புஷ்ஷை எடுத்து என் முன் வைத்தார்.

"தப்புன்னு தெரிஞ்ச பீஸ் நம்ம லைன்ல வந்தா நீ விட்டிருப்பியாம்மா?"

ஊரார் குறைக்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டிச் சம்பளம் வாங்கும் நான், என் குறைக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் 'சரி' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.