கண்ணுக்கு வைத்த சந்தனம்

தில்லைநாதனின் நெற்றியைப் பார்த்தே நேரம் சொல்லிவிடலாம் என்று இணுவிலில் ஒரு பகிடி உண்டு. காலையில் கந்தசுவாமி கோவிலிலிருந்து நேரே வேலைக்கு வரும்போது நெற்றி நடுவில் ஈரச் சந்தனம் மினுங்கும். அதன் மேல் குங்குமம். மத்தியானம் அது காய்ந்து வெடிக்கும். வேலை விட்டு வீடு போகும்போது பாதி உதிர்ந்து, மீதி பட்டறைத் தூசியோடு ஒட்டிக் கிடக்கும். மழையோ வெயிலோ, காய்ச்சலோ தடிமலோ, அந்தப் பொட்டில்லாத தில்லைநாதனைப் பட்டறையில் கண்டவர்கள் இல்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளின் கதைதான் இது.

சோமசேகரம் முதலாளியின் பட்டறையில் அவர் மேற்பார்வையாளர். தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் பம்புகளின் அலுமினிய மூடிகளை அங்கே செய்தார்கள். கணினிக்கு எழுதிக் கொடுத்தால் தானே வெட்டித் துளைத்து முடிக்கிற சி.என்.சி. மெசின் வந்த நாளிலிருந்து அதன் பக்கத்தில் நின்றவர் யாகோப்பு. இளவாலைக்காரர். தில்லைநாதனும் அவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டு, ஒன்றாகவே நரைத்தவர்கள். சில மூடிகள் முடிந்ததும் மெசினை நிறுத்தி, கதவைத் திறந்து, துளை போடும் ட்ரில்லின் நுனியைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பது யாகோப்புவின் வேலை. ட்ரில் ஒடிந்தது தெரியாமல் மெசின் ஓடினால் அடுத்து வருகிற மூடியெல்லாம் பாழ். அதனால் யாகோப்பு சாப்பிடப் போனால் மெசினும் சும்மா நிற்கும்.

அந்தச் சும்மா நிற்றலை ஒழிக்க வந்தவள் தாரிகா. உடுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிற எஞ்சினியர்ப் பெண். மெசினின் உள்மூலையில், தண்ணீர் தெறிக்காதபடி ஒரு சின்ன மறைப்பின் கீழ், விரல் பருமனில் ஒன்றைப் பூட்டினாள். எதிரிலிருந்து வரும் மெல்லிய ஒளிக்கோடு அதில் போய் விழும். ஒவ்வொரு மூடியும் முடிந்ததும் ட்ரில் தானே வந்து அந்தக் கோட்டுக்குள் தலையை நீட்டும். ஒளி மறைந்தால் ட்ரில் முழுசாக இருக்கிறது. மறையாவிட்டால் ஒடிந்துவிட்டது, உடனே மெசின் நின்று தாரிகாவின் போனுக்குச் செய்தி அனுப்பும். பட்டறையில் எல்லோரும் அதைக் 'கண்' என்றார்கள். இனி ஆளில்லாமலே வேலை நடக்கும்.

யாகோப்புவைப் பழைய கடைசல் மெசினுக்கு மாற்றினார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. பகிடிதான் விட்டார்.

"கண் எண்டால் இமைக்க வேணும் பிள்ளை. உது முழிச்சபடியே நித்திரை கொள்ளுது போலக் கிடக்குது."

"நீங்கள் சாப்பிட்டுப்போட்டு நித்திரை கொள்ளுறதைவிட இது திறம், அண்ணை!" என்று தாரிகாவும் விடமாட்டாள்.

ஆயுதபூசை வந்தது. யாகோப்பு வேதக்காரர்தான், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், ஆனால் அந்தப் பட்டறைப் பூசைக்கு வாழைக்குலை அவருடைய வளவிலிருந்துதான் வரும். அந்த வருடமும் சைக்கிளின் பின்னால் கதலிக் குலையைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அவலும் கடலையும் பொங்கலும் படைத்தார்கள். மெசின்களுக்குப் பொட்டு வைப்பது தில்லைநாதனின் உரிமை. வேறு எவருடைய கையும் அந்தச் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. ஒவ்வொரு மெசினாக வைத்துக்கொண்டு வந்தவர் சி.என்.சி. மெசினின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். எல்லோரும் பார்த்துப் பார்த்து மூக்கில் விரல் வைக்கிற சாமான் அல்லவா? கண்ணூறு படக்கூடாதே! அந்தச் சின்ன மறைப்பின் கீழ் விரலை விட்டு, தாராளமாக ஒரு திரளைச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். மற்றவர்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது.

கற்பூரம் காட்டி முடிந்ததும் ஒரு காரியம் செய்தார். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விசயதசமி வரை தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் முதலாளியின் முன்னால் ஒரு வித்தை காட்டும் ஆசை.

"ஒருத்தரும் தொடாமல் தானே ஓடுற மெசின். அது வேலையெண்டு ஆகாது, முதலாளி. நாங்கள் வீட்டை போவம். நாளைக்கு வந்து முடிஞ்ச மூடியளை எடுப்பம்."

யாகோப்பு வாய் நிறைய அவலோடு சிரித்தார். "பூசையும் வைச்சுப்போட்டு வேலையும் வாங்கிறியோ தில்லை? பாவம், இண்டைக்கு அதுக்கும் லீவெல்லே?"

எல்லோரும் சிரித்தார்கள். தில்லைநாதன் மட்டும் சிரிக்காமல் பச்சைப் பொத்தானை அமத்தினார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது பட்டறைக்குள் எண்ணெய் கருகிய மணம். தில்லைநாதன் மெசினுக்குள்ளே குனிந்து பார்த்தார். முதல் வரிசை மூடிகள் மட்டும் அழகாக இருந்தன. பிறகு எங்கோ ட்ரில் ஒடிந்திருக்கிறது. துளையில்லாத இடத்தில் மரை வெட்டும் கருவி போய் முட்டிச் சிதறியிருக்கிறது. அதற்குப் பிறகும் மெசின் நிற்காமல், ஒடிந்த அடிக்கட்டையால் ஒவ்வொரு மூடியையும் குத்திக் குத்திக் கிழித்திருக்கிறது. கண் ஒருமுறையும் அதைத் தடுக்கவில்லை.

முதலாளி தலையில் கை வைத்தார். தாரிகா இன்னும் வந்து சேரவில்லை. அப்போதுதான் கடைசல் பகுதியில் வேலை செய்கிற செந்தூரன், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், "நேற்றுப் பின்னேரம் யாகோப்பு அண்ணை குடை எடுக்க உள்ளை வந்தவர். அவர் ஒண்டும் காணேல்லையோ?" என்று கேட்டான்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தில்லைநாதன் அங்கே நின்ற யாகோப்புவின் பக்கம் திரும்பினார். அவமானத்தில் நிற்கிறவனுக்கு எதிரி ஒருவன் கிடைத்தால் அதைவிடப் பெரிய ஆறுதல் ஏது?

"உந்தக் கண்ணை முதல் நாளே உனக்குப் பிடிக்கேல்லை, யாகோப்பு. நேற்றும் நக்கலடிச்சனீ. பிறகு ஆளில்லாத நேரம் பாத்து வந்திருக்கிறாய்!"

"விசர்க்கதை கதையாதை தில்லை. குடையை எடுத்தன், போனன். அதுக்குக் கிட்டவும் நான் போகேல்லை."

"எனக்குத் தெரியும். வேதக்காரனுக்கு எங்கடை பூசை எண்டால் பகிடிதானே!"

சொன்ன வாய்க்கே அந்தச் சொல் சுட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது. பூசைக்கு வைத்த கதலிக் குலை, பாதி பிய்த்தபடி, இரண்டு பேருக்கும் நடுவில் மேசையில் இருந்தது.

யாகோப்பு கையை மெதுவாகத் துடைத்தார். வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, இத்தனை வருடப் பழக்கத்தில் ஒருநாளும் பேசாத மரியாதையில் பேசினார்.

"நல்லது, தில்லைநாதன் ஐயா. நீங்கள் மேற்பார்வையாளர். நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும். நான் போறன்."

எங்கள் ஊரில் ஒருவரும் 'போறன்' என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. 'போட்டு வாறன்' என்பார்கள். திரும்பி வர மனமில்லாதவன்தான் 'போறன்' என்பான். சைக்கிள் படலையைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. தில்லைநாதன் திரும்பிப் பார்க்கவில்லை.

தாரிகா வந்ததும் கைப்பையை வைக்கவும் இல்லாமல் மெசினுக்குள் குனிந்தாள். "நேற்று முழுக்க எனக்கு ஒரு மெசேச்சும் வரேல்லையே…" என்று முணுமுணுத்தபடி போன் வெளிச்சத்தை மூலைக்குப் பிடித்தாள். அந்தச் சின்ன மறைப்பைத் தூக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னால் எட்டிப் பார்த்த தில்லைநாதனுக்கும் அது தெரிந்தது. காய்ந்து இறுகிய மஞ்சள் திரளை. அதன் நடுவில் சிவப்பு.

கண்ணை அவரே மூடியிருக்கிறார். ஒளி எப்போதும் மறைந்தே இருந்ததால், ஒடிந்த ட்ரில்லை நீட்டியபோதெல்லாம் 'முழுசாக இருக்கிறது' என்று அது நம்பியிருக்கிறது.

தாரிகா திரும்பினாள். அவருடைய நெற்றியை, அன்று காலை புதிதாக வைத்த சந்தனத்தை, ஒரே ஒருமுறை பார்த்தாள். பிறகு துணியால் அந்தக் கண்ணைத் துடைத்து, துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"என்ன பிள்ளை அங்கை?" என்றார் முதலாளி.

"அழுக்குப் பிடிச்சிருக்கு, முதலாளி. முதலிலை கண் திறந்திருக்கோ எண்டு பார், பிறகு ட்ரில்லைப் பார் எண்டு நான் மெசினுக்கு எழுதியிருக்க வேணும். எழுதேல்லை. என்ரை பிழை."

"படிச்ச பிள்ளை எண்டு நம்பித்தானே உன்னட்டை விட்டனான்!" என்று முதலாளி பொரிந்து தள்ளினார். அந்தப் பிள்ளை தலைகுனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தில்லைநாதன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐயோ, அந்த வேளையில் நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது. நிலம் பிளக்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

மத்தியானம், தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தார். "பிள்ளை… நீ ஏன் உன்ரை தலையிலை போட்டனீ?"

"நான் பொய் சொல்லேல்லை அண்ணை. நான் சொன்னது என்ரை பங்கு." அவள் கைகழுவிக்கொண்டே சொன்னாள். "மிச்சத்தை நான் சொல்லேலாது."

அவள் போன பிறகு, குழாய்க்கு மேலே தொங்கிய உடைந்த கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டார் தில்லைநாதன். இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி நெற்றியைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இளவாலைக்குப் போனார். படலையில் யாகோப்புவின் மனைவி, முகம் மலர்ந்தபடி வந்தாள்.

"வாங்கோ தில்லை அண்ணை! தலையிடியெண்டு இவர் நேரத்தோடை வந்திட்டார், அதுதான் பாக்க வந்தனீங்களோ? குலை நல்லாப் பழுத்திருந்ததே? உங்கடை பூசைக்கெண்டு ஒரு காய்கூட எங்களைத் தொட விடேல்லை இந்த மனிசன்!"

தலையிடி! தனக்கு நடந்ததை யாகோப்பு வீட்டில்கூடச் சொல்லவில்லை. தில்லைநாதனின் பெயர் தன் வீட்டில் கெடக்கூடாது என்று மறைத்திருக்கிறார். அவள் தேத்தண்ணி போடப் போனதும், வாழைகளுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்த யாகோப்புவின் முன்னால் தில்லைநாதன் போய் நின்றார்.

"யாகோப்பு. அது நான். கண்ணுக்குச் சந்தனம் வைச்சது நான்தான். என்னை…"

யாகோப்பு மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"என்னட்டை ஏன் சொல்லுறியள்? நான் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரியாத ஆக்களெல்லே அங்கை இருக்கினம். அவைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

அந்த மரியாதை 'ங்கோ' தில்லைநாதனின் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்ந்தது. தேத்தண்ணியைக் குடித்தாரா, அப்படியே வைத்துவிட்டு வந்தாரா என்பது அவருக்கே நினைவில்லை.

மறுநாள் காலை கோவில் வாசல்வரை போனார். உள்ளே போகக் கால் வரவில்லை. வெறும் நெற்றியோடு பட்டறைக்கு வந்தவரைப் பார்த்துச் செந்தூரன் பதறினான். "என்ன அண்ணை, வீட்டிலை ஏதும் துக்கமோ?"

"எல்லாரையும் கூப்பிடு. முதலாளியையும்."

கூடினார்கள். தில்லைநாதன் நடுவில் வந்து நின்றார். "தாரிகாப் பிள்ளை அழுக்கு எண்டு சொன்னது அழுக்கில்லை. நான் வைச்ச சந்தனம். என்ரை கைதான் கண்ணை மூடினது. ஆயுதத்துக்கு லீவு குடுக்காமல் ஓட விட்டதும் நான்."

பிறகு யாரோ களுக்கென்று சிரிக்க, அது எல்லோரையும் பற்றிக்கொண்டது. "மெசினுக்கும் பக்தி வந்து கண்ணை மூடிக் கும்பிட்டிருக்குது, அண்ணை!" முதலாளிகூட வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்போடு தப்பிவிடலாம். எல்லோரும் மன்னித்துவிடுவார்கள் என்பது தில்லைநாதனுக்குத் தெரிந்தது. ஆனால் அவர் கையை உயர்த்தினார்.

"இன்னும் ஒண்டு இருக்கு. யாகோப்புவை நான் குற்றவாளியாக்கினன். அதோடை நிக்கேல்லை. வேதக்காரன் எண்டு சொன்னன். எங்கடை சாமிக்குப் பழம் சுமந்து வந்த மனிசனை அப்படிச் சொன்னன். மெசினைக் கெடுத்தது தெரியாமல் நடந்தது. இது… இது தெரிஞ்சு சொன்னது."

சிரிப்பு நின்றுவிட்டது. தில்லைநாதனின் கண்களிலிருந்து நீர் பொலபொலவென்று வழிந்தது, துடைக்கவும் இல்லை.

படலைப் பக்கம் சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்டது. யாகோப்பு எப்போது வந்தார், எவ்வளவைக் கேட்டார் என்பது ஒருவருக்கும் தெரியாது. கூட்டத்தைக் கடந்து போய், ஆணியில் தொங்கிய வேலைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். சி.என்.சி. மெசினின் கதவைத் திறந்து, தாரிகா புதிதாகப் பூட்டியிருந்த ட்ரில்லின் நுனியைப் பெருவிரலால் தடவினார். பிறகுதான் திரும்பினார்.

"என்ன தில்லை, நெத்தி வெறுமையாக் கிடக்குது? எல்லாத்தையும் மெசினுக்கு அப்பிப்போட்டு உனக்கு மிஞ்சேல்லையோ?"

பட்டறை அதிரச் சிரித்தது. தாரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பிள்ளை, உன்ரை கண் திறந்திருக்கோ எண்டு பாத்துப்போட்டு ஓட விடு" என்றார் யாகோப்பு.

அவள் பொத்தானை அமத்தினாள். மெசின் முதலில் வெறும் ஒளிக்கோட்டைப் பார்த்தது. தடை ஒன்றும் இல்லை. அதன் பிறகே ட்ரில் வந்து தலையை நீட்டியது.

தில்லைநாதன் அதைப் பார்க்கவில்லை. வெறும் நெற்றியை ஒரு கையால் மூடியபடி நின்றார். யாகோப்பு கிட்ட வந்து, மேசையில் கிடந்த குலையிலிருந்து கறுத்துக் கனிந்த ஒரு பழத்தைப் பிய்த்து அவருடைய மற்றக் கையில் வைத்தார். பழத்தை வாங்கிக்கொண்டார். நெற்றியிலிருந்து கையை எடுக்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை.