வாய் நிறைய மச்சான்

தாம்பரத்தில் மச்சான் என்பது உறவுமுறையே இல்லை. டீக்கடையில், மின்சார ரயிலில், கிரிக்கெட் மைதானத்தில், எல்லோருக்கும் எல்லோரும் மச்சான்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருந்த சிநேகிதன் ஒருவன் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தையை நம்பி நான் ஏமாந்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் நிதானமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவனும் நானும், எங்களோடு படித்த சேலையூர்க்காரன் ஒருவனும் கம்ப்யூட்டர் வேலைக்காக ப்ரசல்ஸில் சில மாதம் இருந்தோம். ஒரு சனி ஞாயிறு ப்ரூஜுக்குப் போனோம். பெல்ஜியத்தில் அது பழங்காலத்து ஊர். தெரு இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்குமேல் வாய்க்கால், மூலைக்கு மூலை சர்ச். அவன் அண்ணாந்து பார்த்து, "மச்சான், உங்க ஆளுங்க பின்னிட்டானுங்கடா!" என்றான். என் ஆட்களாம்! எங்கள் சர்ச் கேம்ப் ரோட்டுப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. சித்திரை வெயிலில் பிரசங்கம் முடிவதற்குள் பாதிப் பேர் வெளியே மரத்தடியில் நிற்போம். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று அவனிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவன் தங்கையும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "அண்ணன் சரின்னா அப்பாவும் ஒத்துப்பாரு. நேர்லயே சொல்லிடு" என்று போனில் சொல்லியிருந்தாள். எனக்குப் பயமே இல்லை. வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் பிரியாணியை எங்கள் வீட்டில் ஒரு பிடி பிடித்தவன் அவன். அவன் வீட்டாரோடு திருநீர்மலைக் கோயில் படிகளில் நானும் ஏறியிருக்கிறேன்.

படகில் உட்கார்ந்தோம். சேலையூர்க்காரன் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தான். அப்போது சொன்னேன்.

அவன் வாயில் போட்ட சோற்றை மெல்லவில்லை. "இன்னா சொன்னே?"

"நெஜமாவே உனக்கு மச்சான் ஆகப்போறேன்டா" என்றேன், சிரித்துக்கொண்டே. மடையன் நான்.

"இன்னொரு தபா மச்சான்னு கூப்ட்டே, பல்லு பேந்துடும்."

ஓடுகிற படகிலிருந்து எழுந்து போக முடியாது. படகோட்டி ஒவ்வொரு கட்டடத்தின் வயதையும் இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டு வந்தார். தாழ்வான பாலம் வரும்போதெல்லாம் குனியச் சொன்னார். அருகருகே உட்கார்ந்து, முகம் பார்க்காமல், இரண்டு பேரும் குனிந்தோம்.

கரையேறியதும் பேசினான். "நீங்க பேசாம இங்கியே ஏதாச்சும் ஒரு சர்ச்சுல பொண்ணு பாத்துக் கட்டிக்குங்க. எங்க ஆளுங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

நீங்களாம்! வாடா போடா என்று வளர்ந்தவனுக்கு மரியாதை கொடுத்து என் மூஞ்சியில் துப்பினான். "எங்க வூட்டு சோறு மட்டும் எறங்குச்சா?" என்று கத்தினேன்.

"சோறு வேற, பொண்ணு வேற" என்றான். அவ்வளவு தெளிவாக அவன் பரீட்சையில்கூடப் பதில் எழுதியதில்லை.

ஸ்டேஷனில் சேலையூர்க்காரன் பழக்கதோஷத்தில், "மச்சான், டிரெயின் வந்துடுச்சு" என்றான். இரண்டு பேரும் திரும்பினோம். அவன் என்னை முறைத்துவிட்டு வேறு பெட்டியில் ஏறினான். அதற்குப் பிறகு என்னோடு ஆபீஸ் விஷயம் தவிர எதுவும் பேசவில்லை, அதையும் வாங்க போங்கவில்தான் பேசினான்.

ஊருக்குத் திரும்பி, தாம்பரத்திலேயே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அண்ணன் மட்டும் எப்படியாவது வந்துவிடுவான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவன் மூஞ்சியில் விழிக்கவே கூடாது என்று நான் இருந்தேன். ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வெளியே பெஞ்சில் நானும் அவளும் காத்திருந்தபோது, சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த சேலையூர்க்காரன் உள்ளேயிருந்து, "மச்சான், வா வா!" என்று குரல் கொடுத்தான்.

அவள் முகமெல்லாம் சிரிப்பாக வாசல் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். சேலையூர்க்காரன் கூப்பிட்டது என்னை.