கேரல் அக்காவின் மத்தியான ட்ரிப்

வெள்ளரிக்காயின் தலையை நறுக்கி, அந்தத் துண்டாலேயே வட்டமாகத் தேய்த்து நுரை எடுக்கிறார் கேரல் அக்கா. தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிய போனில் யாரோ ஒரு டிரைவர். "லெஃப்ட் எடுங்கண்ணா. கேட் கிட்ட மஞ்சச் சட்டை நிக்குது பாருங்க, அதான் உங்க பேசஞ்சர்." போன் கீழே இறங்குகிறது. குரல் மட்டும் இறங்கவில்லை, அப்படியே பிள்ளைகள் பக்கம் திரும்புகிறது. "நாளைக்கு ஃபர்ஸ்ட் ட்ரிப் வெள்ளரிக்கா. மத்தியானம் செகண்ட் ட்ரிப், தயிர் சாதம். ஸ்வல்ப லேட்டானா பரவால்ல. ஆளு ஏறாம நோ-ஷோ ஆச்சுன்னா எனக்கு ரிப்போர்ட் வந்துரும்."

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் கேப்களில் யாரை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று பார்ப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்கு உலகம் முழுக்க வண்டிதான். பொம்மனஹள்ளியில் எங்கள் கட்டடத்தின் முதல் மாடி அவருடையது, இரண்டாவது மாடி என்னுடையது. அவர் குரலில் அவர் மாதிரியே பேசிப் பார்க்காதவர் இங்கே யாருமில்லை. நான் படிக்கட்டில் நின்று "வண்டி கெளம்பிருச்சா?" என்று பேசினால் மட்டும், அவர் கணவர் பெர்னார்ட் அண்ணன் நிஜமாகவே எழுந்து செருப்பு மாட்டுகிறார்.

லீவு விட்டதும் பிள்ளைகள் ஷெரினும் ரோஷனும் ஓசூருக்குப் போய்விடுவது வழக்கம். அங்கே பெர்னார்ட் அண்ணனின் அக்கா ஸ்டெல்லா இருக்கிறார். அப்பா கார்மெண்ட்ஸில் மெஷின் மெக்கானிக், அம்மா கேப் டெஸ்க். மத்தியானம் சோறு போட யார் இருக்கிறார்கள்? கோடை முழுக்க வீடு வெறிச்சென்று கிடக்கும். கேரல் அக்கா மட்டும் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்து "டிவிய ஆஃப் பண்ணு" என்று சொல்வார்.

இந்த வருஷம் அனுப்ப மாட்டேன் என்றார். ஸ்டெல்லா அத்தை போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். அவர் குரலில் பேசிக் காட்ட மூக்கை லேசாக அடைத்துக்கொள்ள வேண்டும். "ஒரு நாளு புள்ளைங்க பட்டினின்னு கேட்டேன், சொல்லாம கொள்ளாம வந்து கூட்டிக்கினு போயிருவேன் கேரலு." பெர்னார்ட் அண்ணன் பரணிலிருந்து சிவப்பு ட்ராவல் பையை இறக்கிக் கதவோரம் வைத்தார். கேட்டதற்கு, "சும்மா, ஒரு சேஃப்டிக்கு" என்றார்.

பிள்ளைகள் அடுப்பைத் தொடக் கூடாது. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளம்பியது. ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் வாரத்துக்கான புளிக்காய்ச்சல் கொதிக்கும், மாங்காய் துருவப்படும். விடியற்காலையில் சோற்றைக் குழைத்து, பால் ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிரைப் போட்டு மூடிவிட்டு ஷிஃப்டுக்குப் போவார். வெயில் ஏற ஏற அது தானாக உறைந்து, மத்தியானம் புளிக்காத தயிர் சாதமாக இருக்கும். "சமைக்கிறது நானில்ல, வெயிலு" என்பார். ஒரு நாள் மோரில் ஊறிய அவல், ஒரு நாள் ஃபிரிட்ஜில் குளிர்ந்த ராகி அம்பலிக் கூழ். பாசிப்பருப்பை ஊறவைத்து வெள்ளரிக்காய் சேர்க்கும் கோசம்பரி, கீழ்வீட்டு வீணா சொல்லித் தந்தது. வீணா வீட்டிலேயே ப்ளவுஸ் தைப்பவர். மத்தியானத்தில் மேலே ஒரு கண் வைத்துக்கொள்வதும், எந்த வண்டி நின்றுபோனாலும் பேக்கப் அனுப்புவதும் அவர் பொறுப்பு. பதிலுக்குச் சனிக்கிழமைகளில் வீணாவின் பையனுக்கும் சேர்த்து இங்கே சமையல்.

முதல் வாரம் நன்றாக ஓடியது. அடுத்த வாரம், ஒரு மத்தியானம், ஸ்டெல்லா அத்தை சொன்னபடியே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

அதே நேரத்தில் ஆபீஸில் கேரல் அக்கா தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஒரு ஸ்பூன் தயிர். விடியற்காலையில் வழிதவறிய டிரைவர் ஒருவரை சில்க் போர்டு சந்திப்பு வரை போனில் பேசிப் பேசியே கொண்டுவந்து சேர்த்தவர், உறைத் தயிரைச் சோற்றில் போடாமல் கையோடு பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் டப்பாவைத் திறந்தபோது சோறு வெறும் பாலில் மிதந்தது. ரோஷன் எட்டிப் பார்த்து, பாயசமா என்று கேட்டான். அத்தையின் கண் கதவோரப் பைக்குப் போய்த் திரும்பியது. ஷெரின் மாடிப்படி இறங்கினாள்.

கேரல் அக்காவின் போன் வந்தபோது ஷெரின் ஸ்பீக்கரில் போட்டதால் இரண்டாவது மாடிவரை கேட்டது.

"ஷெரின், அந்தச் சோறு..."

"பிரேக்டவுன்மா. வீணா ஆண்ட்டி கிட்டயிருந்து தயிர் வந்துருச்சு. கோசம்பரியும் ஏத்திட்டேன். பேசஞ்சர் மூணு பேரு."

"மூணு பேரா?"

"ஸ்டெல்லா அத்தை ஆன் போர்டு."

கேப் டெஸ்க்கில் கேரல் அக்கா பேச்சற்றுப் போனது அன்றைக்குத்தான் இருக்கும். இந்தப் பக்கம் ஊறுகாய் பாட்டிலின் மூடி திருகும் ஓசை. பிறகு மூக்கடைத்த அந்தக் குரல்: "போன வையேன்டி. இன்னும் ஒரு கரண்டி போடு, இந்த மாங்காயோட."

ஷிஃப்ட் முடிந்து கேரல் அக்கா ஓடிவந்தபோது அத்தை ஃபேனுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ரோஷன் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஓசூர் ரோட்டுத் தள்ளுவண்டியில் வாங்கிய வெள்ளரிக்காயும் மாங்காயும் கேரல் அக்காவின் துணிப்பையைக் கிழித்துவிடும் போல் தொங்கின. டப்பாவை எடுத்துப் பார்த்தார். வழித்துத் துடைத்தது போல் இருந்தது.

"பாலு சோத்துல அப்பத்தான் தயிரு ஊத்துனாளாம், ருசி சொல்லவே வேணாம்," என்றார் அத்தை. "வர்ற செவ்வாக்கெழம என் பேர்ல ட்ரிப் போடு. எலுமிச்சஞ்சாதம் கொண்டாரேன். பஸ்ஸு வேணா லேட்டாவும், நான் ஆவ மாட்டேன்."

"நோ-ஷோ ஆனா ரிப்போர்ட் வரும் அண்ணி."

அத்தை சிரித்த சிரிப்பில் ரோஷன் புரண்டு படுத்தான். பெர்னார்ட் அண்ணன் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல், தன் அக்காவையும் சிவப்புப் பையையும் மாறி மாறிப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.

கேரல் அக்கா கதவோரம் குனிந்தார். சிவப்புப் பையின் ஜிப்பைச் சர்ரென்று இழுத்துத் திறந்து, அந்த வாரத்து வெள்ளரிக்காய் முழுவதையும் அதில் கொட்டினார்.