ட வயல்

எங்களுக்கு நிலம் கிடைத்தபோது நான் பாவாடை சட்டைப் பருவத்துப் பெண். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து பிரிந்து வந்த வயல் அது. அதற்காக எங்கள் தெரு வாங்கிய அடியும் போன ஜெயிலும் எனக்கு யாருடைய கதையோ போலத்தான் இருந்தன. வயல் ‘ட’ எழுத்தைப் போல இருந்தது என்பது மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதன் வெளிப்பக்கம் இரண்டையும் அணைத்தபடி வாய்க்கால் வளைந்து போகும். உள்மடிப்பில் பண்ணையின் தென்னந்தோப்பு.

பெரியப்பா, சித்தப்பா, கணவனை இழந்த அத்தை, அப்பா என்று நாலு வீட்டுக்கும் பொதுவாகக் கொடுத்திருந்தார்கள். பிரிக்கத்தான் முடியவில்லை. எங்கே வரப்பு போட்டாலும் ஒருவருக்குக் கூடியது, ஒருவருக்குக் குறைந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்தாயிற்று. பண்ணையின் நிலபுலன்களைக் கவனிக்கும் காரியக்காரர் தினமும் தோப்போரம் வந்து, வெற்றிலை மென்றபடி எங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இவங்க அடிச்சுக்கிட்டா போதும், பண்ணைக்காரன் கோர்ட்டுல தடை வாங்கிடுவான்” என்று அம்மா புலம்பினாள்.

எனக்கு அந்தக் கவலை கிடையாது. முத்துப்பேட்டையில் டீக்கடை வைத்திருந்த மாமா, போன தடவை வந்தபோது தீக்குச்சிகளை ‘ட’ போல அடுக்கி, “இதை நாலாப் பிரி. நாலும் ஒரே அளவா, ஒரே உருவமா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, விடை சொல்லாமல் பஸ் ஏறியிருந்தார். பாவி மனுஷன்! சோற்றைப் பிசைந்தால் தட்டில் ட. கண்ணை மூடினால் ட. ஒரு மத்தியானம், புழுக்கத்தில் தூங்கியும் தூங்காமலும் கிடந்தபோது, அது தானாகவே பிரிந்தது. மூலைக்கு ஒன்றாக மூன்று குட்டி ட, அவற்றுக்கு நடுவில், பெரியதன் வயிற்றுக்குள், இன்னொரு குட்டி ட. அந்தக் குட்டிக்குள்ளும் நாலு. அதற்குள்ளும் நாலு. எறும்பு அளவு வரைக்கும் போய் அப்படியே தூங்கிவிட்டேன்.

மறுநாள் வயலில் சத்தம் முற்றியபோது, பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து ஈர மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“அட, நாலும் ஒண்ணு போலவே இருக்கே” என்றார் பெரியப்பா. கயிறு பிடித்து அளந்து முளை அடித்தார்கள். காரியக்காரர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் போனார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. குட்டையை இறைத்து மீன் பிடித்தால், கூறு போட்டவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் கூறு ஒழுங்காக விழும்.

“கூறு போட்டது உன் பொண்ணு. நீ கடைசியா எடுத்துக்க” என்றார் பெரியப்பா.

அத்தை ஒரு மூலையில் போய் நின்றாள். பெரியப்பா ஒன்று, சித்தப்பா ஒன்று. நடுத்துண்டு எங்களுக்கு மிஞ்சியது. நான் குதித்தேன். கல்யாணப் போட்டோவில் நடுவில் நிற்பது பெண்ணும் மாப்பிள்ளையும்தானே?

அப்பா வாய்க்காலை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, நடுத்துண்டுக்கு வாய்க்கால்லேருந்து மடை இல்லையே” என்று அத்தை இழுத்தாள்.

“இருக்கட்டும்மா. உங்க வயல்லேருந்து பாயாதா? இன்னிக்கு நின்னு சண்டை போட்டா நிலமே போயிடும். பாப்பா போட்ட கோடு, அப்படியே இருக்கட்டும்” என்று அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து பார்க்க நாலு வயலும் அவ்வளவு அழகாக இருந்தன. பெருமை தாங்கவில்லை எனக்கு.

தண்ணீர் வந்தது. மூன்று வயல்களிலும் வானம் தெரிந்தது. எங்களுடையது மட்டும் வெடித்துக் கிடந்தது. பொழுது சாயும் நேரம், அப்பா பெரியப்பாவின் வரப்பில் மண்வெட்டியோடு நின்றார். பண்ணைக்குப் போவதை விட்ட பிறகு தோளிலேயே இருந்த துண்டு, அன்றைக்குக் கையில் இருந்தது.

“அண்ணே, உங்களுக்கு நெறஞ்சதும் கொஞ்சம் வெட்டி விடுறீங்களா?”

“பார்க்கலாம்” என்றார் பெரியப்பா.

அப்பா அங்கேயே நின்றார். இருட்டிய பிறகும் நின்றார். நான் போட்ட கோட்டின் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.