மனோ அக்காவின் சூட்டுப் பெட்டி

மனோ அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒருவருடைய கையில் ஊசி ஏற்றியிருந்தேன். சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. இரத்தத்தை எடுத்து முடித்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வெளியே வந்து பார்த்தேன். அவருடைய கணவர் சிறி அண்ணை அனுப்பியிருந்தார். "மனோ போயிட்டா." அவ்வளவுதான். மெல்பேர்ன் குளிர்காலத்துத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கார் தரிப்பிடம் முழுக்கப் பனிப்புகார். எனக்கு முதலில் வந்த நினைப்பைச் சொன்னால் நீங்கள் ஏசுவீர்கள். ஐயோ, பெட்டிக்குத் தண்ணீர் தெளித்தார்களோ என்றுதான் நினைத்தேன்.

மெல்பேர்னில் ரோவில் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அடியில் மின்சாரத்தில் இளஞ்சூடாகும் தட்டு, மேலே தெளிவான பிளாஸ்டிக் மூடி, நடுவில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் மண். குளிர்காலத்திலேயே வீட்டுக்குள் விதையை முளைக்க வைப்பதற்கான பெட்டி. இங்கே வெயில் வரட்டும் என்று காத்திருந்து விதை போட்டால், பாகற்கொடி காய்க்கத் தொடங்கும்போது அடுத்த குளிர் வாசலில் நிற்கும். அதனால் மனோ அக்கா ஓகஸ்ட்டிலேயே போட்டுவிடுவார். "விதைக்குக் கலண்டர் தெரியாது. சூடுதான் தெரியும்" என்பார். அவர் தந்த கன்றில் கத்தரிக்காய் பறித்துக் குழம்பு வைத்தவர்கள் உங்களில் எத்தனை பேர்!

அவரும் நானும் ஒரே இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தோம். குளிர்காலக் காலைகளில் வரும் கிழவர்களின் கையில் நரம்பு அகப்படாது. நான் குத்திக் குத்திப் பார்ப்பேன். அக்கா கோதுமை நிரப்பிய சின்னப் பையைச் சூடாக்கி அவர்களின் கையில் வைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். "அவசரப்படாதே பிள்ளை. குளிருக்குள்ள எல்லாம் ஒளிச்சுக்கொண்டுதான் இருக்கும்" என்று என்னிடம் தமிழில் சொல்வார். கொஞ்ச நேரத்தில் நரம்பு மேலே வந்துவிடும். என் கெடுபிடியைப் பார்த்து அந்தக் கிழவர்கள் அவரிடமே போகப் பார்ப்பார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பெட்டி அவர்கள் வீட்டின் சின்ன அறையில் இருந்தது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் நான் அங்கே போவேன். வெளியே மழை பெய்யும். மூடியின் உட்புறத்தில் துளிகள் கோர்த்து, ஒன்று மற்றொன்றோடு ஒட்டிக் கீழே வழியும். ஈர மண் மணம், அதோடு இளஞ்சூடு. ஆளுக்கொரு கதிரையில் தேத்தண்ணியோடு இருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்போம். என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெறும் மண்தான். ஒருநாள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. என்மேல் போர்வை கிடந்தது. "நீ நித்திரை கொள்ளேக்க ஒண்டு தலையை நீட்டிப்போட்டுது" என்றார் அக்கா. ஒரு மிளகாய் முளை, கூனிக்கொண்டு, விதைக்கோதைத் தலையில் போட்டபடி நின்றது. அதைக் கனவில் கண்டேனா, கண்விழித்துக் கண்டேனா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

சிறி அண்ணைக்கு அந்த அறைப் பக்கம் வேலையில்லை. ஒரேயொரு முறை கைவைத்தார். ஓகஸ்ட் குளிரில் தோசை மா புளிக்காமல் அப்படியே கிடக்க, மனுசன் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மிளகாய் முளைகளுக்கு நடுவே வைத்து மூடிவிட்டார். நல்ல யோசனைதான். காலையில் மா பொங்கி, மூடியைக் கிளப்பியிருந்தது; முளைகளெல்லாம் வெள்ளைக்குள் மூழ்கிக் கிடந்தன. அக்கா ஏசப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்லாப் புளிச்சிருக்கு. வாங்கோ, சுடுவம்" என்றார். தப்பிய மிளகாய்க் கன்றுகளைத் தோசை மிளகாய் என்று பெயர் சொல்லித்தான் எல்லோருக்கும் கொடுத்தார். உங்களில் சிலருக்கு அந்தப் பெயரின் காரணம் இப்போதுதான் விளங்கியிருக்கும்.

இந்த வருடம் ஜூலை தொடங்கும்போதே விதையைப் போடத் தொடங்கிவிட்டார். அப்போது அவருடைய நோய் முற்றியிருந்தது. "என்னக்கா, இந்த முறை அந்தரப்பட்டிட்டீங்கள்?" என்று கேட்டேன்.

அக்கா கதவைச் சாத்தச் சொன்னார். "நான் கோடை வரைக்கும் இருக்கமாட்டன் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். எனக்கு என்னை நினைச்சுப் பயமில்லை. இவரை நினைச்சாத்தான் பயம். நான் போனா இந்த மனுசன் கதிரையை விட்டு எழும்பாது. நீங்கள் எல்லாரும் சாப்பாடு கொண்டுவருவியள், கோப்பை கழுவி வைப்பியள். எல்லாத்தையும் நீங்களே செய்தா, இவர் என்னத்துக்கு எழும்புறது? நான் போகேக்க இதுகள் சின்னனா இருக்கோணும். ஒருத்தர் பாக்காட்டிச் செத்துப்போற பருவத்தில இருக்கோணும். ஓகஸ்ட்டில போட்டா நேரம் காணாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க்கதை கதைக்காதேங்கோ" என்றேன். அவர் சிரித்தார். நகவெட்டியால் பாகல் விதைகளின் ஓரத்தை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டே இருந்தார். முளை வெளியே வரச் சுகமாக இருக்குமாம்.

செத்தவீட்டன்று அந்த அறையில்தான் எல்லோரும் குளிர் அங்கிகளைக் கழற்றி வைத்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பெட்டியை மேசை என்று நினைத்திருப்பார்கள். நான் போய்ப் பார்த்தபோது மூடிக்குமேல் கம்பளி குவிந்து கிடந்தது. அள்ளிக் கட்டிலில் போட்டேன். உள்ளே பாகல் முளைகள் இருட்டுக்குள் நின்றன. காரியங்கள் முடிந்து, சிட்னி செவன் ஹில்ஸில் இருக்கும் மகன் திரும்பிப்போகும்போது, "அப்பா, எங்களோட வந்திடுங்கோ, ப்ளீஸ்" என்று கெஞ்சினான். சிறி அண்ணை வாசல்வரை வந்துகூட வழியனுப்பவில்லை. கதிரையில் இருந்தார்.

அடுத்த முறை நான் இடியப்பம் கொண்டுபோனேன். குளிர்சாதனப் பெட்டியில் அதை வைக்க இடமில்லை. அத்தனை வீட்டுச் சாப்பாடும் தொடாமல் கிடந்தது. அக்கா சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. சின்ன அறைக்குப் போனேன். கிண்ணங்களின் ஓரத்தில் மண் வெடித்திருந்தது. முளைகள் யன்னல் பக்கம் சாய்ந்திருந்தன. என் கை தானாகவே தெளிக்கும் போத்தலை எடுத்தது. ஒரு தரம் அழுத்தினால் போதும். அழுத்தாமல், எடுத்தபடியே கொண்டுபோய் சிறி அண்ணையின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணை, அதுகள் காயுது."

"ம்."

காருக்குள் வந்திருந்து அழுதேன். அக்காவுக்காக மட்டுமில்லை, அந்த முளைகளுக்காகவும் அழுதேன். திரும்பிப்போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வா என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. போகவில்லை. அடுத்து வந்த நாட்களில் பலதடவை அந்த வீதியால் கார் ஓட்டினேன். திரைச்சீலை திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். மூடியே கிடந்தது.

பிறகு ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, சிறி கதைக்கிறன். ரெண்டு மூண்டு செத்துப்போட்டுது. மிச்சம் நிக்குது. பாகலுக்கு முதல் வந்த இலை மாதிரியில்லாமல் வேற இலை வந்திருக்கு. வெட்டு வெட்டா. இனி மூடியைக் கழட்டலாமோ?"

கழற்றலாம். சூட்டைக் குறைத்து, வெளிச்சமான யன்னலுக்குக் கிட்ட வைத்து, மதியத்தில் கொஞ்சக் கொஞ்சமாக வெளிக்காற்றுக் காட்ட வேண்டும். இத்தனை வருடம் அந்த அறையில் இருந்தவளுக்கு இது தெரியாதா? சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்குத் தெரியாதண்ணை" என்றேன். "நீங்கள்தான் பாத்துச் செய்யோணும்."

 அந்தப் பக்கம் கதிரையைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. "சரி. நான் பாக்கிறன்" என்றார்.

மனோ அக்காவுக்காக நான் வைத்திருப்பது இந்த ஒரு பொய்தான். சிறி அண்ணை இதை வாசிக்க மாட்டார். கிரிக்கெட் செய்தியைத் தவிர எதையும் வாசிக்காத மனுசன். ஆனால் இனி அவர் உங்களுக்கும் போன் எடுப்பார். எப்போது சட்டி மாற்றுவது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கேட்பார். உங்களுக்கு நன்றாகத் தெரிந்தாலும், தெரியாது என்றே சொல்லுங்கள்.