பிரேக் போட்ட சாம்பியன்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஓர் உலக சாம்பியன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. முதல் வாரம் நானே நம்பவில்லை. அவர் நாடு லாத்வியா, ஆட்டம் பாப்ஸ்லெட். ஐஸ் பூசிய வாய்க்கால் மாதிரி ஒரு தடம் மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும். நாலு தடியர்கள் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஓடுகிற ஓட்டத்திலேயே அதற்குள் குதித்து, கீழே பாய்வார்கள். அதில் தங்கம் வாங்கிய மனிதர், நியூஸிலாந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, பனியே விழாத ஆக்லாந்தில் டிரைவிங் மாஸ்டர் ஆகியிருந்தார்.

என்னிடம் கோயம்புத்தூர் லைசென்ஸ் ஒன்று இருந்தது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் தானே மிதித்து வாங்கிக்கொடுத்தது. ஸ்டியரிங்கை மட்டும் நான் பிடித்திருந்தேன். இங்கே அந்தப் பருப்பு வேகவில்லை. முதல் டெஸ்டில் ஓர் இறக்கத்தைப் பார்த்ததும் பயந்துபோய் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டேன். அதோடு டெஸ்ட் முடிந்தது.

மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்கு ஆபீஸில் எனக்கு வேலை தயாராக இருந்தது. விடிவதற்கு முன்பே ஷிஃப்ட் ஆரம்பம், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்து சுவரோடு பேசிய எனக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் சாம்பியன் வந்தார். முதல் நாள், த்ரீ கிங்ஸில் எங்கள் தெருமுனை இறக்கத்தில் கார் இறங்கியதும், மனிதர் சட்டென்று தலையை முழங்காலை நோக்கிக் கவிழ்த்துக்கொண்டார். நெஞ்சுவலி என்றே நினைத்து, "ஐயோ, சார்!" என்று அலறினேன்.

"ஒண்ணுமில்ல, பழக்கதோஷம்," என்றார் தலையைத் தூக்காமலே. "நான் கடைசி ஆளு. பிரேக்மேன்."

அவருடைய கதை எனக்கு இப்படித்தான், ஒவ்வொரு இறக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரராக இருந்தாராம். தொடையைப் பார்த்துவிட்டு ஒரு பயிற்சியாளர் கொத்திக்கொண்டு போனாராம். கோடையில் சக்கரம் வைத்த வண்டியைத் தள்ளிப் பழகி, குளிர்காலத்தில் ஐஸில் பாய்ந்து, விலா எலும்பை உடைத்துக்கொண்டு, மறுபடியும் பாய்ந்திருக்கிறார். நாலு பேரில் முன்னால் இருப்பவர்தான் ஓட்டுவார். கடைசி ஆள் தள்ளிவிட்டு ஏறித் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், தூக்கினால் காற்று பிடித்து வேகம் குறைந்துவிடும். எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அவர் கை பிரேக்குக்குப் போகலாம். அதற்கு முன்னால் தொட்டால் நாலு பேர் உழைப்பும் வீண்.

"தங்கம் வாங்கின அன்னைக்குத் தடம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியாது. முன்னாடி இருந்தவன் முதுகுதான் தெரிஞ்சுது."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஜெயித்ததையே பார்க்காத ஜெயிப்பு! உலகத்தில் இப்படியும் ஒரு பிழைப்பா என்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் இருந்தது. அதை அவர் தொடவே மாட்டார். நான் எதன்மேல் மோதப் போனாலும், "நீங்க போடுங்க" என்பார், காலை மடக்கிக்கொண்டு. 'பின்னே எதுக்குய்யா உனக்கு அந்தப் பெடல்?' என்று ஒருநாள் தமிழிலேயே திட்டினேன். ஏதோ பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினார்.

டெஸ்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா தன் வீட்டு மரத்து எலுமிச்சம்பழம் ஒன்றைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்தார். "இதைக் காருக்குள்ள முன்னுக்கு வையும். பிள்ளையாற்ற காலடியில வைச்சு எடுத்தது. ஒண்டும் நடக்காது, பயப்படாதையும்."

காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். மாஸ்டர் கேலி செய்வார் என்று பார்த்தால், பயபக்தியோடு பார்த்தார். அவருடைய டீமில் ஒருவர் போட்டிக் காலம் முடியும்வரை சாக்ஸைத் துவைக்க மாட்டாராம். எங்கள் சாமிக்கு வாசனையாவது நல்ல வாசனை என்று சொல்லிக்கொண்டேன்.

விரி என்கிற தொழிற்பேட்டைப் பகுதியில், ஆளில்லாத கிடங்குத் தெருக்களில் பிரமாதமாக ஓட்டினேன். தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டுக்குத் திரும்பினோம். தெருமுனை இறக்கம் வந்தது, மாஸ்டர் தலை கவிழ்ந்தது. வளைவில் எலுமிச்சம்பழம் உருண்டு என் மடியில் விழுந்து, அங்கிருந்து காலடிக்குப் போனது. கீழே சிக்னலில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் இறங்கவில்லை. பழம் அதற்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது.

"பிரேக்! பிரேக்!" என்று கத்தினேன்.

தலையைத் தூக்காமலே மனிதர் தன் பெடலை மிதித்தார். அந்தப் பெடலும் என் பெடலும் ஒன்றோடொன்று இணைந்தவை. என் பெடல் தானாகத் தரையோடு தரையாக இறங்கியது. வண்டியைத் தள்ளித் தள்ளி உரமேறிய கால் அல்லவா? பழம் படாரென்று வெடித்து, சாறு என் முழங்கால்வரை தெறித்தது. பஸ்ஸுக்குப் பின்னால் காரும் நாங்களும் முழுசாக நின்றோம்.

அவர் மெதுவாக நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார். "ஃபினிஷுக்கு முன்னாடி நான் போட்ட முதல் பிரேக் இது," என்றார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பச்சை விழுந்தது தெரியாமல் சிரித்து, பின்னால் வந்தவரிடம் ஹார்ன் வாங்கினோம்.

அக்காவிடம் போய், "உங்க பழம் என்னைக் கொன்னிருக்கும்!" என்று குதித்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஓம், அதுதானே வெடிச்சது. கண்ணூறு கழிஞ்சுது," என்று திருஷ்டிக் கணக்கை முடித்து, டெஸ்டுக்கு இன்னொரு பழம் தந்தார். அதை என் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

டெஸ்ட் அன்று, போன தடவை மானத்தை வாங்கிய அதே இறக்கம் வந்தது. இந்தத் தடவை கண்ணைத் தூரத்தில் வைத்து, அளவாக மிதித்து இறங்கிவிட்டேன். பாஸ் என்றதும் டெஸ்ட் எடுத்த அம்மாளைக் கட்டிப்பிடிக்கப் போனேன், அவர் ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

வீட்டுக்கு நானே ஓட்டினேன். பக்கத்தில் மாஸ்டர். இப்போது நான் லைசென்ஸ்காரி, அவர் சும்மா பயணி. எங்கள் தெருமுனை மேட்டில் ஏறியதும் அவர் கழுத்து வளையத் தொடங்கியது.

"தலையைத் தூக்குங்க. பிரேக் என் கால்ல இருக்கு," என்றேன்.

தூக்கினார். இறங்கினோம். இரண்டு பக்கமும் வீடுகள், கொடியில் காயும் துணிகள், முனையில் 'டெய்ரி' என்று இங்கே சொல்லும் பெட்டிக்கடையின் ஐஸ்கிரீம் போர்டு, கூரைகளுக்கு அப்பால் துறைமுகத்துத் தண்ணீர். இமைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார். கீழே சிக்னலில் அலுங்காமல் நிறுத்தினேன்.

விளக்கு பச்சையாக மாறியதும் என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை போலாமா?"

அடுத்த தெருவில் திருப்பி மறுபடியும் மேட்டுக்கு ஏறினேன்.