லிஃப்ட்டை டைரக்ட் பண்ண வேண்டாம் என்றேன்

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் பில்டிங் லிஃப்ட் நின்றுபோயிற்று. சிட்லபாக்கத்தில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் தாம்பரத்துக்கு டயாலிசிஸ் போய் வரவேண்டும். போகும்போது எப்படியோ, வரும்போது அவளால் பத்துப் படி ஏறமுடியாது. மற்றவர்களுக்கு லிஃப்ட் ஒரு வசதி, எங்களுக்கு அதுதான் வாசல்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தான். மொட்டை மாடி மோட்டார் ரூமுக்கு அவன் பின்னாலேயே நானும் ஏறினேன். பேனல் கதவைத் திறந்து, உள்ளே செருகியிருந்த ஒரு சின்ன கறுப்புப் பெட்டியை விரலால் தட்டினான்.

"ஃபேஸ் பிரிவென்டர் பூட்ச்சு சார். இன்னா பேஜார்னா, இந்த மாடல் இப்போ வர்றதே இல்ல. கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்."

"அப்போ?"

"டைரக்ட் குட்துர்றேன். ரெண்டு ஒயர ஒண்ணா சேத்தா வண்டி ஓடும். பாதி பில்டிங்ல அப்டித்தான் ஓடிகினு கீது."

வேண்டாம் என்றேன். அந்தப் பெட்டியின் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். லிஃப்ட் மோட்டாருக்கு வருவது மூன்று ஃபேஸ் கரண்ட். அதில் ஒன்று விட்டுப்போனாலும், மூன்றும் வரிசை மாறி வந்தாலும் அந்தப் பெட்டி மோட்டாரை நிறுத்திவிடும். அது இல்லாவிட்டால் மோட்டார் புகையும், இல்லை மேலே அழுத்தினால் கீழே போகும். இரண்டு வருடம் முன்பு பெயின்டிங் வேலை நடந்தபோது எவனோ மெயின் பாக்ஸில் கைவைத்து ஒயரை மாற்றிக் கொடுத்ததில் எங்கள் போர் மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. தண்ணீர் வராததோடு போயிற்று. லிஃப்ட்டுக்குள் ஆட்கள் இருப்பார்களே.

பில்டிங்கில் ஒருவருக்கும் நான் சொல்வது பிடிக்கவில்லை. "சார், உங்க மிஸஸுக்காகத்தான் சொல்றோம், டைரக்ட் போட்டுடலாம்" என்றார் எதிர் வீட்டுக்காரர். நானும் அவளுக்காகத்தான் வேண்டாம் என்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனாலும் நல்ல மனிதர். மறுநாள் டயாலிசிஸுக்கு அவளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அவர்தான் தூக்கி வந்தார்.

அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். தூக்கிய நால்வரில் ஒருவன் அவளிடம் படித்தவன். புடவைக் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படி திரும்பும் இடத்தில் நாற்காலி சாய்ந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் முன்னால் இரண்டு படி இறங்குவேன், பின்னால் மூன்று படி ஏறுவேன், "மெதுவா, மெதுவா" என்பேன். யாருக்கும் உபயோகமில்லாத வேலை.

திரும்பி வந்து கட்டிலில் படுத்ததும் சொன்னாள்: "டைரக்ட் போடச் சொல்லுங்க."

"வேணாம்மா."

"போறவ நான்."

"அதனாலதான் வேணாங்கறேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவள் நோயில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மருந்தை டாக்டர் சொல்கிறார், ஊசியை நர்ஸ் குத்துகிறாள், ரத்தத்தை மெஷின் சுத்தம் செய்கிறது. எனக்குப் புரிந்த ஒன்று, என் கைக்கு எட்டிய ஒன்று, இந்தக் கறுப்புப் பெட்டிதான். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

ஆபீசுக்கு லீவு போட்டேன். பழைய பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு மேற்குத் தாம்பரம் எலக்ட்ரிகல் கடைகளில் ஆரம்பித்தேன். எல்லாரும் அதைப் புரட்டிப் பார்த்து, "இதுக்கு ஈக்வலன்ட் இருக்கு சார்" என்றார்கள். ஒரு கடைக்காரர் கொடுத்தது ஃபேஸ் விட்டுப்போனால் மட்டும் நிற்கும், வரிசை மாறினால் கண்டுகொள்ளாது. இன்னொருவர் கொடுத்தது உண்மையில் டைமர். ஆன்லைனில் "கையிருப்பில் உள்ளது" என்று போட்டிருந்தவருக்குப் போன் செய்தால், "ஸ்டாக் இல்ல சார், சும்மா லிஸ்டிங் அப்படியே இருக்கு" என்றார். எதற்கய்யா இருக்கிறது என்று கத்தினேன். போனை வைத்துவிட்டார்.

அதற்குள் இன்னொரு முறை நாற்காலி இறங்கி ஏறியது. இந்த முறை அவள் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த நாள் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். கடை கடையாக ஏறி, அதே நம்பர், அதே அளவு, பின்னால் அதே பதினொரு பின் என்று கேட்டேன். இல்லை, இல்லை, வராது. நாலைந்து கடைக்குப் பிறகு, ஒரு டீக்கடை வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது. ஆளைத் தேடாமல் அவன் போட்டிருந்த சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"பின் வேற மாதிரி இருந்தா மாட்டுவியா?"

"ஒயர மாத்திக்கலாம் சார். வேலை பாக்குமா, அத்த சொல்லு."

திரும்பிப் போய் பின்னைப் பற்றிப் பேசாமல் வேலையை மட்டும் சொன்னேன்: ஃபேஸ் போனால் நிற்கவேண்டும், வரிசை மாறினால் நிற்கவேண்டும், நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கெல்லாம் சும்மாச் சும்மா நிற்கக்கூடாது. காலையில் இல்லை என்று கைவிரித்த அதே கடையில், பழையதில் பாதி அகலத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். இதை முதல்லயே சொல்லக் கூடாதா என்று நான் கேட்க, நீங்க முதல்லயே கேட்டிருக்கலாமே என்றார் கடைக்காரர். சண்டை போட நேரமில்லை. பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறி சானடோரியம் ஸ்டேஷன் வரும்வரை, உட்கார இடமிருந்தும் கதவோரமாகவே நின்றுகொண்டு வந்தேன்.

பில்டிங் கேட்டுக்குள் நுழைந்தால், வாட்ச்மேன் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். முன்பு பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போன கஞ்சி போட்ட காட்டன் புடவை, முகத்தில் பவுடர். பக்கத்தில் மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மாதான் சார் போன் பண்ணி வரச் சொன்னாங்கோ. டைரக்ட் குட்துட்டேன்."

நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் தெருவுக்கே போய்விட்டார். முதலில் அவனை, பிறகு அவளை. அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மூணு மாடி தனியா இறங்கி வந்தேங்க" என்றாள். "யாரும் என்னைத் தூக்கல."

"நான்தான் வாங்கிட்டு வரேன்னு போயிருக்கேனே!"

"தினமும்தான் போறீங்க. நாளைக்கு மறுபடி டயாலிசிஸ். எனக்கு அந்த நாற்காலி வேணாம்." எழுந்து நின்றாள். "களைப்பா இருக்கு. வாங்க, மேல போகலாம்."

"முதல்ல இதை மாட்டட்டும். ஒரு மணி நேரம்."

"எனக்கு இப்பப் படுக்கணும்."

அவள் லிஃப்ட்டுக்குள் போய் நின்றுவிட்டாள். தனியே விட முடியாது. நானும் ஏறிக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினேன். அவள் மூன்றை அழுத்தினாள். நல்லவேளை, மேலேதான் போனது. முதல் மாடி தாண்டும்போது ஒரு குலுக்கல். சட்டென்று அவள் இடது கையைப் பிடிக்கப் போனேன்.

"அந்தக் கை வேணாம்" என்று இழுத்துக்கொண்டாள். டயாலிசிஸ் ஊசி போடும் கை அது. அதைப் பிடிக்கக்கூடாது என்று எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். வலது கையைக் கொடுத்தாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"வாரத்துல மூணு நாள் என் ரத்தம் வெளியே போய் ஒரு மெஷினைச் சுத்திட்டு வருது. நீங்க கண்ணாடிக்கு வெளியே நடந்துட்டே இருக்கீங்க. உள்ள படுத்திருக்கறது நான். எனக்குப் பயம் இருக்காதா?"

"நீ சொன்னதே இல்லையே."

"நீங்க நின்னாத்தானே சொல்ல."

எனக்கு அழுகைதான் வந்தது. மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்று, கீழே யாரோ பெல் அடிக்கும்வரை அப்படியே நின்றோம்.

அன்று பொழுது சாய்வதற்குள் மெக்கானிக் டைரக்டை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டியை மாட்டினான். லிஃப்ட்டை நிறுத்துவதற்கு முன் இந்த முறை அவளைக் கேட்டேன். "மாட்டட்டும். ஆனா நாளைக்கு நான் தனியா இறங்குவேன், நீங்க படியில வாங்க" என்றாள். அப்படியே இறங்கினாள். அவளுக்கு முன்பே நான் மூச்சிரைக்கக் கீழே போய் நின்றேன், அது வேறு விஷயம்.

டயாலிசிஸ் சென்டரில் நர்ஸிடம் கேட்டு ஒரு ஸ்டூல் வாங்கி அவள் கட்டிலோரம் போட்டுக்கொண்டேன். மெஷின் ஓட ஆரம்பித்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மெஷின் அலாரம் கூவினால் தனக்கா, பக்கத்துக் கட்டிலுக்கா என்று தெரியாதாம். உடம்பு சில்லிட்டுப் போகுமாம். கடைசி ஒரு மணி நேரத்தில் இரண்டு காலும் முறுக்கி இழுக்கும், யாராவது பாதத்தை அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் தேவலை என்றாள். இத்தனை நாள் யார் பிடித்தார்கள் என்று கேட்டேன். யாருமில்லை என்றாள்.